மாதா கோயில் சுவரிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டேன்

டர்பன்டைன் வாசனையோடு வீட்டுக்கு வந்து, அந்தக் கையாலேயே என் நெற்றியில் சிலுவை போட்டுத் தூங்கவைத்த என் அப்பாவுக்கு,

மரியே வாழ்க.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமலோற்பவ மாதா கோயிலின் வடக்குச் சுவரில், அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்துச் சன்னலுக்குக் கீழே, 'சிமெண்ட் பூச்சு, பெயிண்ட் உபயம்: மாதா ஹார்டுவேர்ஸ் மரியதாஸ் குடும்பத்தார்' என்று ஒரு வெள்ளை மார்பிள் கல் இருந்ததே, அதைக் கழற்றி எடுத்துவிட்டேன். யாரோ எடுத்துவிட்டுப் பழியை என் தலையில் போடவில்லை. நானேதான் உளி பிடித்தேன். கல்லோடு நிற்கவில்லை. அந்தச் சுவர் முழுக்க நீங்கள் ஆசை ஆசையாகப் பூசவைத்த சிமெண்டையும் சுரண்டிவிட்டோம். கோபப்படுவதென்றால் இப்போதே பட்டுக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு மீதியைக் கேட்டால் போதும்.

ஆறிவிட்டதா? உங்கள் கோபம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. ஊர்க் கதை கொஞ்சம் சொல்கிறேன். ஒரகடம் ரோட்டில் நம் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. ஷட்டரில் நீங்கள் அடித்த பச்சைப் பெயிண்டை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள், கன்னியாகுமரிப் பிள்ளைகள், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் என்று கூட்டம் வாசலைத் தாண்டி வேப்ப மரம் வரை நிற்கிறது. மாதத்தில் ஒரு முறை இந்தியில் பூசை. அம்மா அதற்கும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறாள். உனக்கென்ன புரிகிறது என்று கேட்டால், "மாதாவுக்கு எல்லா பாஷையும் தெரியும்டி, எனக்கு மாதாவத் தெரியும். போதாதா?" என்கிறாள்.

நான் அதே பம்பர் கம்பெனியில்தான் இருக்கிறேன். பெயிண்ட் லைனின் கடைசியில் நின்று, வருகிற பம்பரையெல்லாம் டியூப் லைட் வெளிச்சத்தில் தடவிப் பார்த்து, கொப்புளம் இருந்தால் ரிஜெக்ட் போடும் வேலை. 'நான் டப்பாவுல வித்தத என் பொண்ணு வண்டியில பாக்குறா' என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் பீற்றிக்கொண்ட அதே வேலை.

இனி சண்டைக்கு வருகிறேன்.

இந்த வருடம் ஈஸ்டர் பாஸ்கா முடிந்த மறு ஞாயிறு, பங்குப் பேரவைக் கூட்டத்தில் பெர்னார்ட் மாமா எழுந்து நின்றார். உங்கள் கூட்டாளி, இப்போது பேரவையின் துணைத் தலைவர். கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றார். புதுக் கோயிலின் படத்தை ஃபிளெக்ஸ் அடித்தே கொண்டுவந்திருந்தார். முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி, உள்ளே ஏசி, மேலே தகரக் கூரை. சிலுவையை மட்டும் எடுத்துவிட்டால் நம் ஊர்ப் பைபாஸில் இருக்கும் கார் ஷோரூமுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

"இருக்கற கோயிலுக்கு இன்னா மாமா?" என்று கேட்டேன்.

"இன்னாவா? போய்த் தொட்டுப் பாரு லூர்து. கையெல்லாம் மாவாட்டம் கொட்டுது. விட்டம் சொருகுன எடம் ஊறிப் போய்க் கீது. நாளைக்குப் பசங்க தலை மேல வுழுந்தா நீ வந்து பதில் சொல்வியா?"

அவர் பொய் சொல்லவில்லை அப்பா. அது உங்களுக்கும் தெரியும். நீங்கள் இருக்கும்போதே வடக்குச் சுவரில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும். நீங்கள் சுரண்டிவிட்டு மேலே இன்னொரு கோட் அடிக்கச் சொல்வீர்கள். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் மேலே உப்பும். கடைசியில் அந்தோணியாரின் பாதம் வரை ஈரம் ஏறிவிட்டது. கீழே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, செங்கல் பொடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் கோயிலுக்குள் அடங்கவில்லை என்பதும் உண்மை, சுவர் கொட்டுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து இடித்துவிடலாம் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எடம் பத்தலன்னா பக்கத்து கிரவுண்டுல பெரிய ஹால் கட்டுங்க. நானும் வந்து கல் தூக்கறேன். இதை ஏன் இடிக்கணும்? நூறு வருஷத்துக்கு மேல நின்ன சுவரு ஏன் இப்போ கொட்டுதுன்னு யாராவது கேட்டீங்களா?" என்றேன்.

"வயசாச்சு, கொட்டுது" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நான் உட்காராமல் நின்றேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கோயிலில் உங்களுக்குப் பிடித்தது என்ன? பிரசங்க மேடை. திராட்சைக் கொடியைக் கண்ணால் பார்த்திராத ஓர் ஆசாரி, குலையைச் சரியாகச் செதுக்கிவிட்டு, இலைக்குப் பாகல் இலையைச் செதுக்கிவைத்த அந்தத் தேக்கு மேடை. வீட்டுக்கு யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய், 'உலகத்துலயே பாகக்கொடியில திராட்ச காய்ச்ச ஒரே எடம் இதான்' என்று காட்டுவீர்கள். வெளிச்சம் சிவப்பும் நீலமுமாகத் தரையில் விழும் கண்ணாடியைக் காட்டுவீர்கள். மணிக்கூண்டைக் காட்டுவீர்கள். சுவரை என்றைக்காவது காட்டியிருக்கிறீர்களா? சுவரைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் பார்த்தது அடுத்து அடிக்க வேண்டிய பெயிண்டைத்தான். இது உங்களுக்குச் சுடும், ஆனாலும் சொல்வேன்.

நம் பங்குச் சாமியார், நீங்கள் பார்த்திராத புது ஃபாதர், சின்ன வயது. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "எதுக்கும் ஒரு ஆளக் கூப்பிட்டுப் பாத்துடலாம்" என்றார். பழைய கட்டடங்களைச் சரிசெய்யும் ஓர் இன்ஜினியர் அம்மா சென்னையிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் அரை நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சுவரைத் தட்டினார்கள், முகர்ந்துகூடப் பார்த்தார்கள். மொட்டை மாடியில் ஏறி, கூரையைச் சுற்றி வந்தார்கள். தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்துச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்பில் இறுக்கிய கூரை அது. அதில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்றார்கள். சன்னல்களின் கூர் வளைவுக்குள் ஓர் இரும்புத் துண்டு கிடையாது, செங்கல்லே ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருக்கிறது என்று வளைவைக் காட்டினார்கள். நான் எத்தனையோ வருடம் அதன் கீழே முழங்கால் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

பிறகு எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "இந்தச் சுவருக்கு வருஷத்துல எப்போ பெயிண்ட் அடிப்பீங்க?"

"நவம்பர் கடைசியில, கொடியேத்தத்துக்கு முன்னாடி" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். நமக்கு அதில் எவ்வளவு பெருமை! டிசம்பர் எட்டு மாதா பெருவிழா. அதற்கு ஒன்பது நாள் முன்னால் கொடி. கொடிக்கு முன்னால் கோயிலுக்கு வெள்ளை. வருடம் ஒரு குடும்பம் உபயம். கோயில் கட்டிய நாளிலிருந்து இருக்கும் வழக்கம்.

"அப்போ மழை நின்னிருக்குமா?"

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியெல்லாம் நிரம்பி, ரோட்டில் கம்பெனி பஸ் படகு மாதிரி போகும் நேரம் அது. சுவர் தண்ணீர் குடித்து நிற்கும். அந்த ஈரச் சுவரின் மேல்தான் நாம் வருடா வருடம், டப்பா டப்பாவாக, அடித்திருக்கிறோம். என் லைனில் லேசான ஈரத்தோடு ஒரு பம்பர் பெயிண்ட் அடிக்கும் அறைக்குள் போனால் சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிடுவார். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அது எந்தப் பக்கமாவது கிழித்துக்கொண்டு வரும் என்று புதிதாகச் சேரும் பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் புத்தியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இன்ஜினியர் அம்மா நம் வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. "அந்தக் காலத்துல சுண்ணாம்பு அடிச்சாங்க. ஈரச் சுவர்ல சுண்ணாம்பு நல்லாப் பிடிக்கும். சுவரும் மழையில குடிச்ச தண்ணியை வெயில்ல விட்டுடும். வெச்சவங்க சரியாத்தான் வெச்சிருக்காங்க. நீங்க மாசத்த மாத்தல, பொருளை மாத்திட்டீங்க. சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் தண்ணிய வெளிய வுடாது" என்றார்கள்.

மாற்றியது யார் என்று பெர்னார்ட் மாமா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, சன்னலுக்குக் கீழே மார்பிளில் எழுதியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அப்பா, அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் இந்த ஜென்மத்தில் வந்ததில்லை. ரோடு அகலமாகி, கம்பெனிகள் வந்து, கடையில் வியாபாரம் சூடு பிடித்தபோது மாதாவுக்கு நன்றியாக நீங்கள் செய்தது அது. நம் வீட்டுக்குச் சாதா டிஸ்டெம்பர் அடித்துவிட்டு, மாதாவுக்குக் கடையிலேயே விலை கூடிய பெயிண்டை எடுத்துப் போனீர்கள். உங்களைப் பார்த்துத்தான் அடுத்தடுத்த குடும்பங்களும் சுண்ணாம்பை விட்டன. 'மரியதாஸ் அடிச்சத வுட நல்லதா வேணும்' என்று உங்கள் கடைக்கே வந்து கேட்டார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தீர்கள். அன்பால் செய்த காரியத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனால் பட்டேன். இன்றைக்கும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

இன்ஜினியர் அம்மா உத்தரவாதம் எதுவும் தரவில்லை. சிமெண்டை எடுத்து, ஒரு கோடை காயவிட்டு, ஒரு மழை பார்க்க வேண்டும். ஈரம் இறங்கினால் சுவர் பிழைக்கும். இறங்காவிட்டால் "நானே இடிக்கச் சொல்லிடுவேன்" என்றார்கள். பேரவை பெருவிழா வரை தவணை கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு குடும்பத்தின் உபயத்தை இன்னொரு குடும்பம் தொடக் கூடாது, அவரவர் சம்மதம் வேண்டும். யாரும் சம்மதிக்க மாட்டார்கள், பெருவிழா முடிந்ததும் இடித்துவிடலாம் என்று சிலர் மனதில் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது.

கையைத் தூக்கினேன். "எங்க அப்பா அடிச்சதுல ஆரம்பிங்க" என்றேன்.

அன்று மாலையே தம்பி சேவியர் அம்பத்தூரிலிருந்து போனில் குதித்தான். "அப்பா போய் மண்ணு கூடக் காயல, அதுக்குள்ள அவர் பேர அழிக்கிறியாக்கா?"

"பேரக் காப்பாத்திக்கினு இருந்தா கோயிலு போய்டும்டா. கோயிலே இல்லாத எடத்துல பேர எங்க மாட்டுவ?"

"ஊரே உன்னப் பாத்துச் சிரிக்கும்."

"சிரிச்சிக்கினுதான் கீது. நீ புதுசா ஒண்ணும் சொல்லாத."

போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "அந்த மனுசன் பெருமைக்குப் பண்ணாரா, பக்திக்குப் பண்ணாரா? ரெண்டும்தான். இன்னா இப்போ? உயிரோட இருந்திருந்தா மொத ஆளா அவரே வந்து சொரண்டியிருப்பாரு. உளி மட்டும் நம்ம கடையிலதான் வாங்கணும்னு சொல்லியிருப்பாரு." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பூண்டு மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

வேலையை வெளிப்பக்கத்தில் ஆரம்பித்தோம். முதல் நாளே சறுக்கியது. நான் வேகமாக உளியை இறக்க, சிமெண்ட் ஒரு பாளமாக வந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு செங்கல்லின் முகமும் வந்துவிட்டது. பெர்னார்ட் மாமா அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பாத்தியா? இதைத்தான் நான் சொன்னேன். நாங்க புல்டோசர வெச்சு இடிக்கறத நீ உளி வெச்சு இடிக்கிற" என்றார். உண்மையாகவே பயந்துவிட்டேன். என் லைனில் வேலை செய்யும் ஜெபஸ்டின், தூத்துக்குடிப் பையன், கல்யாணமாகி இங்கேயே வீடு எடுத்திருக்கிறான், அவன்தான் உளியை என் கையிலிருந்து வாங்கினான். "அக்கா, விடுங்க. மொதல்ல கட்டங் கட்டமா அறுத்துக்கிடுவோம். பொறவு ஒவ்வொரு கட்டமா மெதுவா நெம்புவோம். அவசரப்பட்டா இது வராது, கேட்டியளா" என்றான். அப்படித்தான் செய்தோம். பூசை முடிந்த ஞாயிறுகள், ஷிஃப்ட் மாறும் நாள்கள், வெயில் எல்லாம் அதிலேயே போனது. ஓவர்டைம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சுரண்டினேன். முடியெல்லாம் சிமெண்ட் தூளோடு கம்பெனி பஸ் ஏறினால் டிரைவர் அண்ணன், 'இன்னா மேஸ்திரி' என்பார்.

சிமெண்டுக்குக் கீழே என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமில்லை. பார்க்க வந்தவர்கள் ஏதோ தங்கச் சித்திரம் வெளியே வரும் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. அழுக்கு வெள்ளையில் திட்டுத் திட்டாகப் பழைய சுண்ணாம்புப் பூச்சு, அது போன இடங்களில் சிவப்புச் செங்கல். "இதுக்கா இம்மாம் பாடு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆமாம், இதற்குத்தான். எனக்கு அது அழகாக இருந்தது. யாருக்கும் அதை நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. வெளிச் சுவரில், ஒவ்வொரு சன்னலுக்கும் கீழே, சிமெண்டுக்குள் புதைந்து ஒரு சின்னச் சுட்டமண் ஜாலி இருந்தது. பூவேலை செய்த, துளைத் துளையான ஜாலி. தூசி தட்டிச் சுத்தம் செய்தோம், ஆனால் அதன் துளைகள் எங்கேயும் போகவில்லை, உள்ளே அடைத்துக் கிடந்தன. அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டோம்.

உட்பக்கம் வந்தபோது உங்கள் கல்லின் முறை வந்தது. சேவியர் அன்றைக்கு நேரிலேயே வந்துவிட்டான். என்னைத் தள்ளிவிட்டுக் கல்லின் முன்னால் நின்றான். "நீ தொடாத. நானே எடுத்து வூட்டுக்குக் கொண்டு போறேன். எங்க வூட்டுச் சுவருல பதிச்சிக்கிறேன்" என்றான். சரி, எடு என்றேன். அவனால் தனியாக முடியவில்லை. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான். மூலைகளை நெம்பி, ஆட்டி ஆட்டி, கடைசியில் கல் எங்கள் இரண்டு பேர் கையிலும் வந்து விழுந்தது. பின்னால் சுவர் இருக்கும் என்று நினைத்தோம். சுவர் இல்லை. உடைந்த செங்கல்லும் சிமெண்டும் போட்டு அடைத்த ஒரு குழி. அடைப்பை நான் கையாலேயே பிடுங்கிப் பிடுங்கி எடுத்தேன். கடைசித் துண்டு வந்ததும் பக்கத்தில் அந்தோணியாருக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

சேவியர் குழிக்குள் கையை விட்டான். "அக்கா, காத்து வருது" என்றான்.

வெளியே இருந்த ஜாலியின் மறுமுனை அது. இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் போட்டோம். மறுநாளே வந்து, ஓர் அட்டையில் படம் போட்டுக் காட்டினார்கள். கீழே சன்னலுக்குச் சன்னல் ஒரு துவாரம், மேலே கூரைக்கு அடியில் அதற்கு நேராக இன்னொன்று. சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே வரும், நடுவில் சுவர் காய்ந்துகொண்டே இருக்கும். மின்விசிறி இல்லாத காலத்தில் அத்தனை பேர் உட்கார்ந்து பூசை பார்த்தது அப்படித்தானாம். மேலே இருந்த துவாரங்களை நாம் என்ன செய்தோம்? புறா வருகிறது என்று அடைத்தோம். கீழே இருந்ததை? நான் எழுந்து கோயிலைச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சன்னலுக்கும் கீழே ஒரு மார்பிள் கல். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் அப்போது பாவாடை சட்டை. கொத்தனாரிடம் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 'சுவர ஒடைக்காதப்பா, பாவம். இங்க ஏற்கெனவே குழி கீது, அளவாக் கீது. இதுலயே பதிச்சிடு.' மாதா கோயில் சுவரில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, அது மூச்சு விடும் இடத்தில் கல்லை வைத்தீர்கள். உங்களைப் பார்த்து மற்றவர்கள் மற்ற துவாரங்களில் வைத்தார்கள். கோயிலில் இருந்த அவ்வளவு குழிகளும் பெயர் பதிக்கத்தான் விட்டிருக்கிறார்கள் என்று இத்தனை குடும்பமும் நம்பியிருக்கிறோம்! நான் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். சேவியரும் சிரித்தான். ஃபாதர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் எனக்கு மைக் கொடுத்தார். நான் நீட்டி முழக்கவில்லை. "எங்க அப்பா பேரு இருந்த எடத்துல இப்போ காத்து வருது. வந்து கைய வெச்சுப் பாருங்க. அப்புறம் உங்க வூட்டுப் பேர இன்னா பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன். சிலர் வந்து கையை வைத்தார்கள், அதில் மூன்று குடும்பம் தங்கள் கல்லை எடுத்துவிடச் சொன்னது. சிலர் வாசல் வழியாக நேரே போய்விட்டார்கள். பெர்னார்ட் மாமா மட்டும் என்னிடம் வந்தார். அவருடைய அப்பா பெயர் நம் கல்லுக்கு அடுத்த சன்னலில் இருக்கிறது.

"உங்கப்பன் பேர நீ தூக்கு, போடு, இன்னா வேணாலும் பண்ணு. எங்கப்பன் பேருல கைய வெச்ச, நடக்கறதே வேற."

"நான் கை வெக்க மாட்டேன் மாமா. நீங்கதான் வெக்கணும். அதுவரைக்கும் உங்க சன்னலுக்குக் கீழ சுவரு ஊறிக்கினுதான் இருக்கும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதைப் பாத்துக்கினே பூசையில நன்மை வாங்குங்க."

அவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். பேசினேன். வருத்தமில்லை.

மழை வந்தது. எப்படிப்பட்ட மழை! ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வயல், ரோடு, கம்பெனி வாசல் எல்லாம் ஒரே தண்ணீர். நான் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, நேரே கோயிலுக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கேலி செய்தவர்களும் தொட்டுப் பார்த்தார்கள், நான் இல்லாதபோது. ஃபாதர் சொன்னார்.

கொடியேற்றத்துக்கு முன்னால் பேரவையும் இன்ஜினியர் அம்மாவும் வந்து நின்றார்கள். போன மழையில் அந்தோணியாரின் பாதம் வரை ஏறிய ஈரம், நம் சன்னலில் என் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. கல்லை எடுத்த மற்ற மூன்று சன்னல்களிலும் அப்படியே. எடுக்காத சன்னல்களில் பழையபடி ஊறிக் கிடந்தது. பக்கத்துப் பக்கத்தில், ஒரே சுவரில், ஒரே மழையில். இன்ஜினியர் அம்மா மேலே விட்டங்களின் முனைகளையும் பார்த்துவிட்டு, "சுவர் பிழைச்சுக்கும். ரெண்டு விட்டத்தோட முனைய மட்டும் மாத்தணும்" என்றார்கள். எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. பெர்னார்ட் மாமா தன் சன்னலையும் நம் சன்னலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவருடைய மருமகன் கடப்பாரையோடு வந்தான். "மாமா கல்ல எடுத்துடச் சொன்னாரு. ஆனா தரையில மட்டும் போடக் கூடாதாம்" என்றான். சொன்னபடியே, அவருடைய அப்பா கல்லைப் பங்கு அலுவலகச் சுவரில், எந்தத் துவாரமும் இல்லாத இடமாகப் பார்த்துப் பதித்திருக்கிறோம். பதிக்கும்போது மாமாவும் வந்து, சுவரைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். புது ஹால் பக்கத்து கிரவுண்டில் வருகிறது. கண்ணாடி வைத்துக்கொள்ளட்டும். அங்கே நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இந்த வருடம் வெள்ளை உபயம் யார் என்று ஃபாதர் கேட்டதும் அம்மா எழுந்து, "எங்க குடும்பம்" என்றாள். சுண்ணாம்பு. மழை விட்டும் விடாமலும் இருந்த நாள்களில், ஈரச் சுவரில், ஜெபஸ்டினும் ஜார்க்கண்ட் பிள்ளைகளும் சேவியரும் நானும் அடித்தோம். பெயர் எங்கேயும் எழுதவில்லை.

உங்கள் கல் எங்கே என்று கேட்கிறீர்களா? சேவியர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கோயிலுக்குப் பின்னால் குழாயடியில், சுண்ணாம்பு கரைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், எழுத்து மேலே தெரிகிற மாதிரி அவனே பதித்தான். தரைதான். உங்களுக்குப் பெர்னார்ட் மாமா அளவுக்கு வீம்பு கிடையாது என்று நம்பி வைத்தோம். சுண்ணாம்பு வாளியை இறக்கி வைப்பது அதன் மேல்தான். இந்தக் கோயிலில் இனி அடிக்கும் ஒவ்வொரு கைச் சுண்ணாம்பும் உங்கள் மேல் உட்கார்ந்து எழுந்துதான் சுவருக்குப் போகும்.

இது என் வாக்கு, அப்பா. நான் இருக்கும்வரை அந்தச் சுவரில் சுண்ணாம்பைத் தவிர வேறு டப்பா ஏறாது. கொண்டுவருவது ஆயரே ஆனாலும் வாசலில் நான் நிற்பேன். ஒவ்வொரு நவம்பரும் வெள்ளையடித்து முடித்ததும், கடைசி வாளியைத் தூக்கிவிட்டு, உங்கள் பெயர் மேல் சிந்தியிருப்பதை என் கையாலேயே கழுவிவிடுவேன். அதுவரை கொஞ்சம் வெள்ளையாக இருங்கள்.

உங்கள் பெயிண்டைச் சுரண்டிய,
உங்கள் பிடிவாதமே முழுசாக வந்து சேர்ந்த,
மூத்த மகள் லூர்து